கோடை விடுமுறையும் சிறு குழந்தைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்குப் பூட்டுப் போடும்போது பெற்றோர்கள் விடுமுறைத் திட்டத்தை ஆசையோடு சொல்லிவிட்டுப் போவார்கள். ஜூனில் வரும்போது அது எப்படி முடிந்தது என்பதையும் அவர்களே அலுப்போடு சொல்வார்கள். முதல் பிள்ளையை வைத்திருக்கும் இளம் பெற்றோர்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். என் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது எங்கள் வீட்டில் நடந்தவையே மறுபடியும் அப்படியே நடக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொப்பி போடுங்கள், தண்ணீர் கொடுங்கள், கைப்பேசியைக் குறையுங்கள் என்பதெல்லாம் இங்கே வராது. அவற்றை அறியாதவர் இல்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மனத்தில் வைத்து, பலரும் தவறு என்றே நினைக்காத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பெர்த் எடுக்காமல் மிச்சம் பிடிப்பது

ரயிலில் ஐந்து வயது நிறைந்த பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டுமானால் முழுக் கட்டணம். பெர்த் வேண்டாம் என்றால் அரைக் கட்டணம். 2016 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. உடனே பல வீடுகளில், "சின்னப் பிள்ளைதானே, அம்மாவோடு படுத்துக்கொள்ளும்" என்று அரை டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை இரவில் முழு ஆள் அளவுக்கு இடம் எடுக்கும். அம்மா பெர்த்தின் விளிம்பில் ஒருக்களித்துக் கிடந்து, பிள்ளை விழுந்துவிடுமோ என்று விடிய விடியக் கண் மூடாமல் இருப்பாள். காலையில் இருவருக்கும் தூக்கம் இல்லை, இருவருக்கும் எரிச்சல். போய்ச் சேர்ந்த ஊரின் முதல் நாள் அதோடு போயிற்று. இரவுப் பயணமாக இருந்தால் பெர்த் எடுத்துவிடுங்கள். பகல் பயணத்துக்கு மட்டும் மிச்சம் பிடியுங்கள்.

ஒரே பயணத்தில் எல்லா இடங்களையும் பார்த்துவிடுவது

எத்தனை ஆண்டுகள் ஆனாலும் எனக்கு ஆறாத கோபம் இதன் மேல்தான். பணத்தையும் உடம்பையும் ஒருசேர வாங்கிக்கொள்ளும் தவறும் இதுதான்.

எங்கள் ஊரிலிருந்து ஊட்டி பக்கம் என்பதால் அதையே சொல்கிறேன். திட்டம் பெரும்பாலும் இப்படி இருக்கும். முதல் நாள் மலையேறி தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, படகு இல்லம். இரண்டாம் நாள் தொட்டபெட்டா, பைக்காரா. மூன்றாம் நாள் குன்னூரில் சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ், அப்படியே கீழே இறக்கம். தாளில் பார்த்தால் எல்லாம் பத்து, இருபது கிலோமீட்டர் தூரம்தான். மே மாதத்தில் அந்தத் தூரம் எதுவும் தூரமாக இருப்பதில்லை, மணிக்கணக்காகிவிடும். சீசனில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். பூங்கா வாசலில் வண்டி நிறுத்த வரிசை, டிக்கெட்டுக்கு வரிசை, படகுக்கு வரிசை. குழந்தை அன்று முழுவதும் பார்ப்பது முன் இருக்கையின் முதுகை.

சென்னையிலிருந்து வந்த என் தங்கை குடும்பத்தோடு ஒரு மே மாதம் நானும் மேலே போயிருந்தேன். அவள் மகனுக்கு அப்போது மூன்றரை வயது. தாவரவியல் பூங்காவில் இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் ஒன்று உண்டு. மகனை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று தங்கை கணவருக்கு ஆசை. பையன் வழியிலேயே நின்றுவிட்டான். புல்வெளியின் குறுக்கே ரப்பர் குழாய் கிடந்தது. இரண்டு குழாய்களைச் சேர்த்துக் கட்டியிருந்த இடத்தில் தண்ணீர் பீய்ச்சி, பாத்தி ஓரமாக விரல் அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்த இலை ஒன்றை அதில் விட்டான். அது தட்டித் தட்டிப் போய்ப் புல்லுக்குள் நுழைந்து மறைந்தது. ஓடிப்போய்ப் புல்லை விலக்கிப் பார்த்தான். "பெரியம்மா, இலை எங்கே போயிற்று?" என்றான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திரும்ப வந்து இன்னொரு இலை. அதன் பிறகு ஒரு குச்சி. குச்சி குறுக்கே சிக்கித் தண்ணீர் தேங்கியது. உட்கார்ந்து அதை விரலால் நேராக்கினான்.

"நேரமாகிறது அண்ணி, இன்னும் போட் ஹவுஸ் பாக்கி இருக்கிறது" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அலறல் கல்மரம் வரைக்கும் கேட்டது. படகு வரிசையில் அப்பா தோளிலேயே தூங்கிப்போனான். ஏரியின் நடுவில் விழித்து, இடம் தெரியாமல் அழுதான். மறுநாள் பைக்காரா சாலையில் இரண்டு முறை வாந்தி. அன்று இரவு காய்ச்சல். மூன்றாம் நாள் அறையிலும் மருத்துவரிடமும் கழிந்தது. வாடகைக் காருக்கும் விடுதிக்கும் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

அந்தத் தண்ணீரோடு அவனை மதியம் வரை விட்டிருந்தால் ஒரு பைசா கூடுதலாக ஆகியிருக்காது.

குழந்தைக்கு ஓர் இடம் பழக நேரம் வேண்டும். ஜூனில் புதிதாகச் சேரும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். முதல் சில நாட்கள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு மெல்ல மணல் தொட்டியின் ஓரத்துக்கு வருவார்கள். ஒரு நாள் செருப்பை உதறிவிட்டு உள்ளே இறங்குவார்கள். விளையாட்டு அங்கேதான் தொடங்குகிறது. சுற்றுலாவிலும் இதே வரிசைதான், கொஞ்சம் வேகமாக நடக்கும், அவ்வளவே. முதல் அரை மணி நேரம் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை, கையை விட்டு ஓடத் தொடங்கும் நேரம் பார்த்து நாம் வண்டியில் ஏற்றிவிடுகிறோம். அடுத்த இடத்தில் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு நான்கு இடம் என்றால் நான்கு முறையும் தொடக்கத்தில் மட்டுமே நிற்கிறது. "எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் நச்சரிக்கிறான்" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த இடத்திலாவது அவனை இருக்க விட்டீர்களா?

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். அதுவும் காலையில், கூட்டம் சேர்வதற்கு முன்பு. மதியம் அறைக்குத் திரும்பிச் சாப்பாடு, தூக்கம். மறுநாளும் அதே பூங்காவுக்குப் போகத் தயங்காதீர்கள். பிள்ளை வாசலிலேயே கையை உதறிக்கொண்டு ஓடும். விடுதி பார்க்கும்போது முன்னால் கொஞ்சம் புல்தரை இருக்கிறதா என்று பாருங்கள். அறையிலிருந்து தெரியும் காட்சியைவிட அது முக்கியம். பெரியவர்களுக்குப் பைக்காரா பார்த்தே தீர வேண்டும் என்றால் இருவர் போய்வரட்டும், ஒருவர் குழந்தையோடு தங்கட்டும்.

மலை ரயிலையும் இதே கணக்கில்தான் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாற்றுக்கு மேல் பல்சக்கரத் தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். குகைகளுக்குள் நுழையும்போதெல்லாம் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். ஐந்து வயதுக்கு மேல் என்றால் அருமையான பயணம். மூன்று வயதுப் பிள்ளைக்குக் குன்னூரிலிருந்து ஊட்டி வரையிலான பகுதியே தாராளம். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பிள்ளையின் கையில் தின்பண்டம் கொடுக்காதீர்கள். குரங்கு பறித்துவிடும், அந்தப் பயம் ஊர் திரும்பும் வரை போகாது.

காரில் போகிறவர்களுக்கு: 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். அதைச் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு பதிவு செய்யும் குடும்பங்களைப் பார்க்கிறேன். வெயிலில் வண்டிக்குள் வாடுவது குழந்தைதான். வீட்டிலேயே முடித்துவிட்டுப் புறப்படுங்கள். அரசுப் பேருந்துக்கு இ-பாஸ் தேவையில்லை.

வளைவுப் பாதையில் படப் புத்தகம்

குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. இவற்றில் ஏறும்போது பிள்ளை சும்மா இருக்கட்டும் என்று புத்தகத்தையோ கைப்பேசியையோ கொடுப்பதுதான் வாந்திக்கு முதல் காரணம். கண் அசையாத ஒன்றைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வயிறு புரட்டுகிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது அதிகம். முன்னால் தெரியும் சாலையைப் பார்க்க வையுங்கள், கண்ணாடியை இறக்குங்கள். அடிவாரத்தில் பூரியும் வடையும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். குன்னூர் பாதை என்றால் வழியில் பர்லியாற்றில் நிறுத்திப் பத்து நிமிடம் நடக்க விடுங்கள். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் குழந்தை மருத்துவரைக் கேட்டபிறகுதான்.

பை நிறையப் பொம்மை

ரயில் புறப்பட்டவுடன் பையைத் திறந்து எல்லாவற்றையும் இருக்கையில் கொட்டுவார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். சென்னை-கோவை பகல் பயணம் என்றால் காட்பாடியில் ஒன்று, ஜோலார்பேட்டையில் ஒன்று, சேலத்தில் ஒன்று, ஈரோட்டில் ஒன்று என்று எடுங்கள். விலை கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நூல்கண்டு, கிரேயானும் பாதி எழுதிய பழைய நோட்டும், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் கிண்ணங்கள், கப்பல் செய்யச் சில தாள்கள். எழுத்து கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மஞ்சள் பெயர்ப் பலகைகளே பெரிய வேலை. சத்தம் போடும் பேட்டரி பொம்மையை மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள். எதிர் இருக்கைப் பாட்டி உதவிக்கு வேண்டும்.

விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தே கெடுப்பது

பழைய விளையாட்டுகளை மீட்கிறேன் என்று நான்கு வயதுப் பிள்ளையின் முன்னால் பல்லாங்குழியை வைத்து, குழிக்கு ஐந்து முத்து, இந்தப் பக்கமாகத்தான் போட வேண்டும், இது பசு, இது தக்கம் என்று பாடம் நடத்துகிறார்கள். அந்த வயதில் வேண்டியது பதினான்கு குழிகளும் ஒரு குவியல் முத்துகளும்தான். நிரப்பும், காலி செய்யும், ஒரே குழியில் எல்லாவற்றையும் அடைக்கும். அடைக்கட்டும். கணக்கு ஏழு வயதில் தானே வரும்.

சின்னவர்களுக்குக் கச்சிதமானது கிச்சுக்கிச்சுத் தாம்பாளம். மணலை நீளமாகக் கரை போல் குவித்து, ஒரு சிறு குச்சியை இரு விரல்களுக்கு நடுவில் பிடித்து, மணலுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டி ஓரிடத்தில் விட்டுவிட வேண்டும். எதிராளி இரு கைகளையும் கோத்து அந்த இடத்தை மூடுவார். மூன்று வயதுப் பிள்ளை குச்சியை எங்கே விட்டது என்பது மணல் மேட்டிலேயே தெரியும். தெரிந்தும் தள்ளிக் கையை வைத்தால் அது சிரிக்கும் சிரிப்பு பத்து முறை கேட்டாலும் அலுக்காது. திருத்த வேண்டாம். மணல் இல்லாத அடுக்கக வீட்டில் ஒரு தாம்பாளத்தில் கேழ்வரகைப் பரப்பினால் போதும்.

புளியங்கொட்டை, முத்து, கோலி

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் அறையில் வேண்டாம். மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும்.

உறவினர் வீட்டு வரிசை

சொந்த ஊருக்குப் போனால் ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் அழைத்துப்போய், ஒவ்வொரு வாசலிலும் "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்று நிறுத்தாதீர்கள். தாத்தா வீட்டுத் திண்ணையிலேயே இருக்கட்டும். உறவினர்கள் வந்து பார்க்கட்டும். ஆட்டுக்குட்டியோ கன்றுக்குட்டியோ இருக்கும் வீடு ஒன்று இருந்தால் அங்கே மட்டும் தினமும் போகலாம்.

காலை முதல் மாலை வரை வகுப்பு

ஆறு வயதுக்குள் ஒரு வகுப்புக்கு மேல் சேர்க்காதீர்கள். நீச்சல் மட்டும் என்றால் நல்லது.

"போரடிக்கிறது" என்றவுடன் ஓடிவருவது

கால் மணி நேரம் பொறுங்கள்.

நிறுத்திய காரில் விட்டுச் செல்வது

ஐந்து நிமிடத்துக்கும் கூடாது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் கூடாது. கடையில் வேலை இருந்தால் பிள்ளையையும் இறக்கிக்கொண்டு போங்கள். வீட்டில் நிற்கும் காரையும் பூட்டியே வையுங்கள். ஒளிந்து விளையாடப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

கிணறு, கண்மாய், வாய்க்கால்

கோடையில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று நம்பாதீர்கள். மண் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. "அண்ணன்மார் கூடத்தானே போயிருக்கிறான்" என்பது காவல் ஆகாது. அந்த அண்ணனுக்கும் பத்து வயதுதான் இருக்கும். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில், வேறு வேலை எதுவும் இல்லாமல், தண்ணீருக்குள் நிற்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத நாளில் வாசலில் அகன்ற அண்டாவில் நீர் நிரப்பி, இரண்டு சொம்பு போட்டு விடுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். முடிந்ததும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு அண்டாவைக் கவிழ்த்து வையுங்கள்.