மேக்னசைட் கல்லை வைத்து மோல் கணக்கு

சேலத்திலிருந்து ஏற்காடு மலையடிவாரம் வரை வெண்மையாகத் தெரியும் மேக்னசைட் கல், வேதியியல் கணக்கிற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பெரும்பகுதி மக்னீசியம் கார்பனேட் ஆகும். இதைச் சூளையில் சுட்டால், ஒரு மோல் (துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் வேதியியல் அலகு) கார்பனேட்டிலிருந்து ஒரு மோல் ஆக்சைடும் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கின்றன.

84 சதவீதத் தூய்மையுள்ள 25 கிராம் கல் தரப்பட்டிருந்தால், முதலில் மாசுகளைக் கழித்து 21 கிராம் என எடுத்துக்கொள்ள வேண்டும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கார்பனேட்டின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 84 கிராம் என்பதால் 21-ஐ 84-ஆல் வகுக்க 0.25 மோல் வரும். ஆக்சைடின் மோலார் நிறை 40, கார்பன் டை ஆக்சைடின் மோலார் நிறை 44. ஆகவே 10 கிராம் ஆக்சைடு எஞ்சும், 11 கிராம் வாயு வெளியேறும். இரண்டையும் கூட்டினால் மீண்டும் 21 வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

அதே 0.25 மோல் கார்பனேட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்க, சமன்பாட்டின்படி இருமடங்கு, அதாவது 0.5 மோல் அமிலம் தேவை. கையிலுள்ள கரைசலின் செறிவு லிட்டருக்கு 2 மோல் என்றால், 0.5-ஐ 2-ஆல் வகுத்து 0.25 லிட்டர், அதாவது 250 மில்லிலிட்டர் எனப் பெறலாம்.

லிட்டருக்கு ஒரு மோல் செறிவுள்ள உப்புக் கரைசல் தயாரிக்கும்போது கவனம் தேவை: ஒரு மோலான 58.5 கிராம் சாப்பாட்டு உப்பில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றுவது சரியன்று. சிறிது நீரில் உப்பைக் கரைத்த பின்பே, அளவுக் குடுவையின் கோடு வரை நீர் சேர்த்து மொத்தக் கரைசலை ஒரு லிட்டராக்க வேண்டும்.