புதிதாக லோடு வண்டி ஓட்ட வருகிறீர்களா?

லைசென்ஸ் வந்தாச்சு, சரி. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே போதும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது, அதனால் டாடா ஏஸ், பொலேரோ பிக்கப் மாதிரி சின்ன வண்டியில் ஆரம்பியுங்கள். கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் சீசனில் வேலை கேட்டுப் பாருங்கள்.

ஆர்.சி. (பதிவுச் சான்று), எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பர்மிட் எல்லாம் நடப்பில் இருக்கிறதா என்று ஓனரிடம் வாயால் கேட்டால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும்.

லோடு ஏற்றும்போது டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் நின்று பெட்டிகளை எண்ணுங்கள். கொஞ்ச தூரம் ஓடியதும் சரக்கு அமுங்கிக் கயிறு தளர்ந்திருக்கும், இறங்கி மறுபடி இறுக்குங்கள். இறக்கிய இடத்தில் பில்லில் கையெழுத்தும் சீலும் வாங்காமல் கிளம்பினால், குறைகிற பெட்டிக்கு உங்கள் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள்.

அப்புறம் தொப்பூர் கணவாய். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது இறக்கம். டீசல் மிச்சமாகும், நியூட்ரலில் விடு தம்பி என்று சொல்கிற அண்ணன்கள் இருக்கிறார்கள், காதில் வாங்காதீர்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இன்ஜின் வண்டியைப் பிடிக்கும்படி விட்டு, பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். மிதித்தபடியே போனால் பிரேக் லைனிங் சூடேறி, தேவைப்படும்போது பிரேக் பிடிக்காது. கருகல் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி ஆற விடுங்கள். சூட்டோடு பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும்.