பல் மாணவர்களுக்கு எலும்பும் எக்ஸ்ரேயும்: நடத்துபவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்செங்கோடு, குமாரபாளையம், கோவை என்று நம் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் இளம் ஆசிரியர்களைப் பார்க்கிறேன். அனாடமியையும் ரேடியாலஜியையும் சேர்த்தே நடத்தலாம் என்று ஆசையோடு ஆரம்பிக்கிறார்கள். நாங்கள் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குகிறார்கள். ஃபிலிமைத் திருப்பி வைப்பது, இடம் வலம் மாறுவது எல்லாம் ஒரு வாரம் ஓபியில் நின்றால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அனாடமி முதலாண்டோடு முடிந்தது என்று நினைப்பது

பி.டி.எஸ்.ஸில் அனாடமி முதலாண்டுப் பாடம். ரேடியாலஜித் தேர்வு நான்காம் ஆண்டில். இடையில் மண்டையோட்டை யாரும் தொடுவதில்லை. மைலோஹையாய்டு ரிட்ஜ் என்ற எலும்பு வரம்பு கீழ்த்தாடையின் எந்தப் பக்கம் என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். எக்ஸ்ரே அறையிலேயே ஒரு தாடை எலும்பு இருக்கட்டும். அனாடமித் துறையிடம் அதைக் கேட்டு வாங்குவது தனிச் சடங்கு. இருந்தாலும் வாங்குங்கள்.

அம்புக்குறி போட்ட படத்தில் தொடங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். ஸ்லைடில் ஓர் ஐஓபிஏ (வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு எக்ஸ்ரே), அதன்மேல் மஞ்சள் அம்பு, பக்கத்தில் 'மென்டல் ஃபோரமென்' (கீழ்த்தாடையின் கன்னப்பக்கத்தில் நரம்பு வெளிவரும் துளை) என்று பெயர். மாணவர் அம்பைப் படிக்கிறார், நிழலைப் படிப்பதில்லை. தேர்வில் மார்க்கும் வாங்கிவிடுகிறார். அம்பில்லாத படம் ஓபியில் கைக்கு வரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் அம்மா ஒருவர் வந்திருந்தார். "கீழ்ப்பக்கம் நோவுதுங்க" என்றார். எந்தப் பல் என்று அவருக்கே பிடிபடவில்லை. இறுதியாண்டு மாணவர் படமெடுத்தார். கீழ் இரண்டாம் பிரீமோலாரின் (முன்கடைவாய்ப்பல்) வேர்நுனியில் கறுப்பாக ஒரு வட்டம். "சார், பெரிஏபிகல் லீஷன். ஆர்சிடி பண்ணிடலாங்களா?" வேர்நுனிப் புண், வேர் சிகிச்சை என்று கேஸ் ஷீட்டில் எழுதியே விட்டார்.

"தட்டிப் பாத்தியா கண்ணு? கோல்ட் டெஸ்ட்?"

பதில் இல்லை. செய்து பார்த்தோம். குளிர் பட்டதும் கூசியது, எடுத்ததும் அடங்கியது. பல் உயிரோடுதான் இருந்தது. படத்திலும் வேரைச் சுற்றி பல்குழியின் எலும்பு ஓரமான லாமினா டியூராவின் வெள்ளைக்கோடு அறுபடாமல் ஓடியது. எக்ஸ்ரே குழாயின் முனையான கோனை மீசியல் (முன்) பக்கமாக நகர்த்தி இன்னொரு படம் எடுத்தோம். வட்டம் வேர்நுனியை விட்டு டிஸ்டல் (பின்) பக்கம் போய்விட்டது. வேர்நுனியில் உண்டான புண் நுனியோடே இருக்கும். கன்னப்பக்கத்துத் துளையின் நிழலோ கோன் போன திசைக்கு எதிரே நகரும். வலித்தது பக்கத்து மோலார் (கடைவாய்ப்பல்), பழைய ஃபில்லிங்குக்கு அடியில் சொத்தை. கவனிக்காமல் விட்டிருந்தால் நல்ல பல்லின் நரம்பும் போயிருக்கும், அந்த அம்மாவின் கூலியும் போயிருக்கும், வலி மட்டும் அப்படியே இருந்திருக்கும்.

மாணவரைத் திட்டிப் பயனில்லை. மென்டல் ஃபோரமென் எங்கே என்று கேட்டதும், "செகண்ட் பிரீமோலார் பக்கத்துல சார்" என்று சரியாகவே ஒப்பித்தார். படித்ததற்கும் பார்த்ததற்கும் முடிச்சுப் போட யாரும் சொல்லித் தரவில்லை.

அதனால் முதலில் எலும்பு. துளையை விரலால் தடவச் சொல்லுங்கள். அது மேலும் பின்னுமாகத் திறப்பது விரலுக்கே தெரியும். உள்ளே ஒரு கட்டாபெர்ச்சா பாயின்ட்டை (வேர்க்குழாயை அடைக்கும் குச்சி, படத்தில் வெள்ளையாகத் தெரியும்) செருகிப் படமெடுங்கள், உருவிவிட்டு ஒன்று, கோணம் மாற்றி இன்னொன்று. உலர்ந்த எலும்பைச் சுற்றிச் சதை இல்லாததால் வழக்கமான நேரம் கொடுத்தால் படம் கறுத்துவிடும். நேரத்தைக் குறையுங்கள், அல்லது வெளியே மெழுகுத் தகடு ஒட்டுங்கள். பல்லில்லாத தாடை ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. பல் இருந்த எலும்பு விளிம்பு தேயத் தேய அதே துளை மேல்விளிம்பை நெருங்கிவிடும். பல்செட் அழுத்துகிறது என்று பெரியவர்கள் சொல்லும் வலிக்கு ஒரு காரணம் அங்கே இருக்கிறது.

ஓபிஜியில் ஆரம்பிப்பது

ஓபிஜி என்பது இரண்டு தாடைகளையும் முழுதாகக் காட்டும் எக்ஸ்ரே. எல்லாம் ஒரே படத்தில் தெரிகிறதே என்ற ஆசை. கழுத்து முள்ளெலும்பின் நிழலும் எதிர்ப்பக்கத் தாடையின் கோஸ்ட் இமேஜும் (மங்கலான போலி நிழல்) கூடவே தெரியும். கடைசிக்கு வையுங்கள்.

'வேர் சைனஸுக்குள் போய்விட்டது'

மேல்பல்லின் வேர் தாடையின் காற்றறைக்குள் (சைனஸ்) போய்விட்டது என்று மாணவர் சொன்னால் லாமினா டியூரா முழுதாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பெரும்பாலும் முன்னும் பின்னுமாக இருக்கும் வேரும் சைனஸும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததுதான்.

பயிற்சிக்காக மாணவரை மாணவர் படமெடுப்பது

கூடவே கூடாது. அதற்குத்தான் எலும்பு.