ஸ்டோர் வீட்டு விலாசம் ஒன்று கையில் இருந்தால்

மலேசியாவில் கிள்ளானிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட அக்கா மகள் கைப்பையிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்து நீட்டினாள். உறையின் பின்பக்கம், அனுப்புநர் இடத்தில், மை மங்கிய எழுத்தில் அவளுடைய பாட்டனாரின் பெயர், 14/6, தெருப் பெயர், திருவல்லிக்கேணி, மெட்ராஸ் - 5. "இந்த வீட்டைப் பார்க்கணும் மாமா" என்றாள். அந்த வீடு இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அந்தத் தெருவில் பழைய வீடு என்று மிஞ்சியிருப்பவை இரண்டோ மூன்றோதான்.

வீடு போய்விட்டால் என்ன, விலாசம் இருக்கிறதே. அதை வைத்து அங்கே குடியிருந்தவர்களின் தடத்தைத் தேடலாம். அதை முதலில் ஒழுங்காகப் படியுங்கள். 14 என்பது வீடு, 6 என்பது போர்ஷன். அதாவது அது தனி வீடு இல்லை, ஒண்டுக்குடித்தனம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கம் "ஸ்டோர்" என்பார்கள். வாசலிலிருந்து கொல்லை வரை நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் ஒரு அறையும் ஒரு சமையலறையுமாகக் குடித்தனங்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கிணறு, ஒரு குழாய், ஒரு மொட்டை மாடி. இன்றைய சென்னை விலாசத்தில் 27/14 என்று பார்த்துவிட்டு இதையும் போர்ஷன் என்று எண்ணிவிடாதீர்கள். அது புதிய எண்ணும் பழைய எண்ணும். அந்தப் "பழைய" எண்ணே உங்கள் தாத்தா காலத்து எண்ணாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. எண் மாற்றுவது இந்த ஊரில் ஒரே தடவையோடு நின்றதில்லை.

மெட்ராஸ் - 5 மட்டும் உங்களை ஏமாற்றாது. 1972இல் பின்கோடு வந்தபோது பழைய அஞ்சல் வட்ட எண்தான் வாலாக ஒட்டிக்கொண்டது. மெட்ராஸ் - 5 என்றால் 600005 திருவல்லிக்கேணி, 4 என்றால் மயிலாப்பூர், 1 என்றால் ஜார்ஜ் டவுன், 14 ராயப்பேட்டை, 17 தி.நகர். தெருப் பெயர் அழிந்துபோய் எண் மட்டும் தெரிந்தாலும் பேட்டையைப் பிடித்துவிடலாம்.

தெருப் பெயர் வேறு தலைவலி. பைகிராஃப்ட்ஸ் ரோடு பாரதி சாலை ஆனது, மௌபரீஸ் ரோடு டி.டி.கே. சாலை ஆனது, எட்வர்டு எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலை ஆனது. இவற்றை எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். சின்னத் தெருக்கள்தான் சிக்கல். 1970களின் கடைசியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்களை எடுத்தார்கள். முதலி, பிள்ளை, நாயக்கன் எல்லாம் போய் வெறும் பெயர் நின்றது. டாக்டர் நாயர் சாலை "டாக்டர் சாலை" ஆன கூத்தும் அப்போது நடந்ததுதான். கடிதத்தில் உள்ள பெயர் செல்போன் வரைபடத்தில் வரவில்லை என்றால் வாலை வெட்டிவிட்டுத் தேடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பலரும் நேரே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வில்லங்கச் சான்று கேட்கிறார்கள். பட்டா, வில்லங்கம், பத்திரம் எல்லாம் வீட்டுக்காரரின் சரித்திரம். குடியிருந்தவர் பெயர் அதில் வராது. உங்கள் தாத்தா முப்பது வருஷம் வாடகை கொடுத்திருந்தாலும் அந்த ஏடுகளைப் பொறுத்தவரை அவர் பிறக்கவே இல்லை. ஆனாலும் வில்லங்கத்தைப் போட்டுப் பாருங்கள், வீட்டுக்காரர் பெயர் தெரிய வேண்டும் என்பதற்காக. 1975க்குப் பிந்தையது பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். பத்திர நகல் கிடைத்தால் செக்குபந்தியைப் படியுங்கள். வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் வீடு என்று அக்கம்பக்கத்துப் பெயர்கள் இருக்கும். எண் மாறிய தெருவில் இடத்தை அடையாளம் காண அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வீட்டுக்காரர் பெயர் கிடைத்ததும் அதை வைத்துக் குடித்தனக்காரரைத் தேடலாம். ஸ்டோர்களை இடித்துக் கட்டும்போது பாதி இடங்களில் கேஸ் நடந்திருக்கும். 2019 வரை நடப்பில் இருந்த 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யச் சொல்லத் தனிப் பிரிவே இருந்தது. அந்த வழக்குகளில் குடித்தனக்காரர்கள்தான் எதிர் மனுதாரர்கள். உயர் நீதிமன்றம் வரை போனவற்றின் தீர்ப்புகள் பல இணையத்தில் இருக்கின்றன. வீட்டுக்காரர் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். தாத்தா பெயர் இல்லாவிட்டாலும் அவரோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர் யாராவது அகப்படலாம்.

மாநகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவு அடுத்தது. குழந்தையின் பெயரைத் தேடாதீர்கள். அந்தக் காலத்தில் பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவார்கள். "ஆண் குழந்தை", தகப்பன் பெயர், தாய் பெயர், அவ்வளவுதான். பதிவு நடப்பது பிறந்த இடத்தில். கோஷா ஆஸ்பத்திரியில் பிறந்தால் திருவல்லிக்கேணி, எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தால் எழும்பூர். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதை மறந்துவிட்டு மூத்த பிள்ளையைச் சென்னையில் தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, மூன்றாவது பிள்ளையிலிருந்து தொடங்குங்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டுவிடாதீர்கள். சேர்க்கைப் பதிவேடு என்பது பள்ளிகள் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய ஏடு. தகப்பன் பெயரும் பெரும்பாலும் விலாசமும் அதில் இருக்கும். கையில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு, உறவைக் காட்டும் சான்றுகளின் நகலோடு தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பரீட்சை நேரத்தில் போனால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஒரு பள்ளியில் எங்களை மூன்று நாள் அலைய வைத்து, நான்காம் நாள் ஏட்டைக் கரையான் அரித்துவிட்டது என்றார்கள். அதையும் எதிர்பார்த்தே போங்கள்.

இனித் தெருவுக்கு வருவோம். காலை பத்து மணிக்கு மேல், சமையல் முடிந்த நேரம் பார்த்துப் போவது நல்லது. அடுக்குமாடிக்காரர்களிடம் கேட்டுப் பயனில்லை. அவர்கள் நேற்று வந்தவர்கள். இஸ்திரி வண்டிக்காரர், பூக்காரம்மா, மூன்று தலைமுறையாக இருக்கும் மளிகைக் கடை, கோயில் குருக்கள் அல்லது பட்டர், இவர்களிடம் கேளுங்கள். வாயைத் திறந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, "சொத்து விஷயமாக வரவில்லை." இதைச் சொல்லாமல் "14ஆம் நம்பரில் எங்கள் தாத்தா இருந்தார்" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். பத்திரத்தை எடுத்துக்கொண்டு பங்கு கேட்க வந்தவர்களாகத்தான் உங்களைப் பார்ப்பார்கள். வீடியோவும் வேண்டாம், செல்போன் பையிலேயே இருக்கட்டும். பழைய போட்டோ ஒன்று கையில் இருந்தால் போதும்.

எங்களுக்கு வழி காட்டியது இஸ்திரிக்காரர்தான். அவர் கைகாட்டிய பின்தெரு வீட்டில் ஒரு பாட்டி, எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், வாசல் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் அந்த ஸ்டோரில் மூன்றாம் போர்ஷன். அக்கா மகள் போட்டோவை நீட்டினாள். பாட்டி பார்க்கவே இல்லை.

"எத்தனாவது போர்ஷன்?"

"ஆறு, பாட்டி."

"ஆறா? லைட்டுக் காசுக்குச் சண்டை போட்டவங்க."

வீட்டுக்காரர் ஒரு பல்புக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூலிப்பாராம். ஆறாம் போர்ஷன் அம்மாள் மட்டும், எங்கள் வீட்டில் எட்டு மணிக்கு விளக்கு அணைந்துவிடும், பாதிதான் தருவேன் என்று நடையில் நின்று கத்துவாராம். அது அக்கா மகளின் கொள்ளுப்பாட்டி. சாந்தமானவர் என்றுதான் கிள்ளானில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் பாட்டி தானாகவே சொன்னார். "பொங்கலுக்குப் பொங்கல் போளூர்லேர்ந்து அரிசி மூட்டை வரும். எங்களுக்கும் ரெண்டு படி கொடுப்பாங்க. அதுல குறை சொல்லக் கூடாது."

தாத்தாவின் இனிஷியல் பி.கே. 'கே' தகப்பன் பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். 'பி' என்னவென்று கிள்ளானில் மூன்று தலைமுறையாக யாருக்கும் தெரியவில்லை. இரண்டு எழுத்து இருந்தால் முதலெழுத்து ஊராக இருக்கக்கூடும் என்று நானும் விமானத்திலிருந்து இறங்கிய அன்றே சொல்லியிருக்கலாம். எனக்கே அது திண்ணையில் வைத்துத்தான் உறைத்தது. மறுவாரம் போளூருக்குப் போனோம்.