கார்னேஷன் விற்கப் போகிறீர்களா? முதலில் மாம்பழப் பெட்டியை வெளியே எடுங்கள்

போன அன்னையர் தினத்துக்கு முந்தின இரவு, ஆறு கட்டு கார்னேஷன் பூவை வாளிகளில் போட்டு, சிங்கப்பூரில் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்டர் என்ற குண்டுகாப்பு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். வெயில் படாது, காற்று அடிக்காது என்ற நினைப்பு. காலையில் திறந்தால் பாதிப் பூக்கள் இதழ்களை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு தூங்கின. தண்ணீர் குறையவே இல்லை. பக்கத்தில் தேக்கா சந்தையில் வாங்கிய மாம்பழப் பெட்டி கமகமத்துக்கொண்டிருந்தது.

குற்றவாளி அந்தப் பெட்டிதான். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். கார்னேஷனுக்கு அது மூப்பு வந்துவிட்டது என்ற சைகை. மூடிய அறையில் வாயு தேங்கினால் கேட்கவே வேண்டாம். சுருண்ட பூ மறுபடி விரியாது. தண்ணீர் மாற்றிப் பார்த்தேன், தண்டை வெட்டிப் பார்த்தேன், பயனில்லை. சரி, இப்போது நான் செய்யும் முறை.

1. வாங்குதல். மொத்த வியாபாரியிடம் கட்டு பெரும்பாலும் 20 தண்டு. தண்டுக்கு ஒரே பூ விடும் ஒற்றைப் பூ வகையில் இதழ்கள் தூரிகை முனைபோல நிமிர்ந்து நிற்கும் மொட்டே நல்லது. ஒரே தண்டில் பல பூ விடும் ஸ்பிரே வகையில் ஒன்றிரண்டு பூ விரிந்திருக்க வேண்டும். பூவின் அடியில் உள்ள பச்சைக் கிண்ணம் வெடித்திருந்தால் வேண்டாம். வெள்ளி (உலோகம்) கலந்த மருந்தில் நனைத்த பூவா என்று கேளுங்கள். பண்ணையிலேயே அது கொடுக்கப்பட்டிருந்தால் எத்திலீனைத் தாங்கும்.

2. வெட்டுதல். கணுவில் வெட்டாதீர்கள், இரண்டு கணுக்களுக்கு நடுவே சாய்வாக. கணுவில் வெட்டினால் தண்ணீர் சரியாக ஏறாது. சமையலறைக் கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் தோட்டக் கத்தரி வாங்குங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

3. தண்ணீர். வாளியைப் பிளீச் போட்டுக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரில் பூ உணவுப் பொட்டலத்தைக் கரையுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் இலைகளை உருவிவிடுங்கள். மல்லிகைப் பழக்கத்தில் பூமேல் தண்ணீர் தெளித்துவிடாதீர்கள்! ஈர இதழில் சாம்பல் பூஞ்சை வந்துவிடும்.

4. குளிர். கார்னேஷன் 0 முதல் 1 டிகிரி வரை தாங்கும். வீட்டுக் குளிர்பெட்டி 4 டிகிரி, போதும். ஆனால் பழம் வைக்காத தனிச் சிறிய பெட்டி. இரண்டாம் கை கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

5. விலை. கட்டில் 3 தண்டு வீணாகும் என்றே நினைத்து, வாங்கிய விலையை 17 ஆல் வகுப்பேன். 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டு என்றால் தண்டுக்குச் சுமார் 70 காசு அடக்கம். அதன்மேல் தாள், நாடா, உங்கள் உழைப்பு. மே இரண்டாவது ஞாயிறில் வரும் அன்னையர் தினமும், செப்டம்பர் முதல் வெள்ளியில் வரும் ஆசிரியர் தினமும்தான் நமக்குத் தீபாவளி. (அன்னையர் தினத்தைத் தொடங்கிய அமெரிக்கப் பெண்மணி அன்னா ஜார்விஸ் 1908இல் தன் தாயின் தேவாலயத்துக்கு 500 வெள்ளைக் கார்னேஷன் அனுப்பினார், பிறகு பூக்கடைக்காரர்கள் மேலேயே கோபப்பட்டார். அவர் கண்ணில் நாம் படாமல் போனது நல்லது.)

இங்கேயே வளர்க்கலாமா? நடைபாதையில் விதை போட்டேன். ஒல்லியாக நீண்டது, மழையில் அழுகியது. இரவில் 10 முதல் 15 டிகிரிக் குளிர் கேட்கும் செடிக்கு நம் 25 டிகிரி ஆகாது. அதனால்தான் ஊட்டி, கொடைக்கானல், மலேசியாவின் கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களில் வளர்க்கிறார்கள். அங்கே வேர்விட்ட தண்டுத் துண்டுகளை நட்டு, நுனியைக் கிள்ளி, வலை கட்டித் தாங்கவிட்டு, ஒற்றைப் பூ வகையில் பக்க மொட்டுகளை நீக்குவார்கள்; நட்டு ஐந்தாறு மாதத்தில் அறுவடை. நாம் வாங்கி விற்பதோடு நிற்கலாம்.

பின்சேர்க்கை: "பழமே வைக்கவில்லை, ஆனாலும் சுருண்டது" என்று இருவர் எழுதினார்கள். விசாரித்தால் ஒருவர் வாளியைச் சாமி மாடத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். ஊதுபத்திப் புகையிலும் எத்திலீன் உண்டு. இன்னொருவர் வாடிய பூக்களை அதே வாளியில் விட்டுவைத்திருந்தார். வாடும் பூவும் அதே வாயுவை விடும், உடனே எடுத்துவிடுங்கள்.