சந்தனம் மெதுவாகத்தான் பேசும்

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு கடைத்தொகுதிக்குப் போயிருந்தபோது, சந்தன பெர்ஃப்யூம் ஒன்றை மணிக்கட்டில் அடித்துப் பார்த்தேன். முதலில் ஆல்கஹால் நெடி, பின்னாலேயே ஏலக்காயும் எலுமிச்சைத் தோலும். சந்தனத்தைக் காணோம். பாட்டிலை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து, தேக்கா சந்தையில் காய்கறிப் பையைத் தூக்கும்போது, காய்ச்சிய பாலில் சந்தனக் கட்டையை இழைத்ததுபோல ஒரு மணம் என் கையிலிருந்தே எழுந்தது.

பலரும் செய்கிற முதல் தவறு இந்த அவசரம்தான். எலுமிச்சை வாசத்தைத் தரும் லிமோனீன் சிறிய மூலக்கூறு, அதன் மூலக்கூறு எடை 136. சந்தனத்தின் உயிரான சாண்டலாலின் எடை 220. எடை குறைந்தது கால் மணி, அரை மணியில் பறந்துவிடும். கனமானது தோலோடு ஒட்டி, மணிக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். வீட்டில் கல்லில் இழைத்த சந்தனத்தை நினைத்துப் பாருங்கள். ஈரமாக நெற்றியில் வைக்கும்போது குளிர்ச்சிதான் முதலில் தெரியும், காயக் காயத்தான் மணக்கும். கடையில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் உங்களுக்குக் கிடைப்பது முன்னுரை மட்டுமே. விற்பனையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் அன்றே வாங்காதீர்கள்.

காகிதப் பட்டையில் மட்டும் முகர்ந்து முடிவு செய்வதும் இதே வகைதான். பிடிக்காததை ஒதுக்க அது போதும். ஆனால் காகிதத்துக்கு உடல்சூடும் கிடையாது, எண்ணெய்ப் பசையும் கிடையாது. பால்போன்ற அந்த மென்மை தோலில்தான் விரியும். அடித்ததும் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தேய்த்தால் சூடேறும், முதலில் எழும் மேல்வாசம் இன்னும் வேகமாக ஓடிவிடும். தானாகக் காயட்டும்.

அப்புறம் நம் ஊர் வெயில். கடைக்குள் குளிர்சாதனம், வெளியே வந்தால் 32 டிகிரி, கூடவே புழுக்கம். குளிரில் மெல்லிசாக இருந்த வெனிலாவும், அதன் சாயலில் இனிப்பாக மணக்கும் டோங்கா பீன் விதையும் வெளியே வந்ததும் பாகுபோலத் திகட்டலாம். அதனால் சோதிக்கிற நாளில் இரண்டு சூழலிலும் நடந்து பாருங்கள். பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றாலே பாதி விடை கிடைத்துவிடும். வியர்வை மேல் அடிக்க வேண்டாம். குளித்துத் துடைத்த தோலில், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை லேசாகத் தடவி, அதன்மேல் அடித்தால் மணம் கூடுதல் நேரம் தங்கும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறொன்று. "எனக்கே வாசம் தெரியவில்லையே" என்று மதியம் மறுபடி நாலு தடவை அடிப்பது. மூக்கு ஒரே வாசத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும். தவிர, செயற்கைச் சந்தன வாசனைப் பொருள்களிலும் கஸ்தூரி வகைகளிலும் சிலவற்றைச் சிலரது மூக்கு பிடிப்பதே இல்லை. உங்களுக்குத் தெரியாதது, காலை நேர ரயிலில் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலியாகலாம். அடிக்கும் முன் வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். இரண்டு ஸ்பிரே போதும்.

பெயரில் சந்தனம் என்று இருந்தாலே கோயில் சந்தனம் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நம் மைசூர்ச் சந்தனம் ஓர் இனம், ஆஸ்திரேலியாவின் நாட்டுச் சந்தனம் இன்னோர் இனம். பின்னது கொஞ்சம் வறண்டு, மரத்தூள் சாயலில் இருக்கும். ஜாவனால் போன்ற செயற்கைப் பொருளும் நிறையப் பயன்படுகிறது. அதைத் தாழ்வாக நான் நினைக்கவில்லை, நன்றாகக் கலந்தால் அழகாகவே இருக்கும். ஆனால் பாட்டியின் சந்தனக் கல்லைத் தேடிப் போனவருக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம்.

வாங்கிய பாட்டிலைக் குளியலறையிலோ காரிலோ வைக்காதீர்கள், அலமாரிக்குள் இருட்டில் இருக்கட்டும்.

ஒரு நாளில் இரண்டுக்கு மேல் சோதிக்கவும் வேண்டாம். இடக்கையில் ஒன்று, வலக்கையில் ஒன்று. எந்தக் கையில் எது என்று கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு எந்தக் கையை மறுபடி மூக்கருகே கொண்டுபோகத் தோன்றுகிறதோ, அதன் சிறிய பாட்டிலை வாங்குங்கள்.