ஆவர்த்தன அட்டவணையை வைத்தே பீற்றாத் தேய்வைக் கண்டுபிடிப்பது எப்படி?

உறுதியற்ற அணுக்கருவில் நியூத்திரன் புரோத்தனாகவோ, புரோத்தன் நியூத்திரனாகவோ மாறுவதுதான் பீற்றாத் தேய்வு. அது எந்தப் பக்கம் நடக்கும் என்று அறிய, வெள்ளவத்தையில் என்னிடம் உயர்தர இரசாயனம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர், நியூத்திரன்–புரோத்தன் விகிதங்களை வரிசையாகப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பாடு வேண்டாம். கையிலுள்ள ஆவர்த்தன அட்டவணையே பெரும்பாலும் விடை சொல்லிவிடும்.

அயடீன்-131ஐ எடுங்கள். அட்டவணையில் அயடீனின் சார் அணுத்திணிவு 126.9. உறுதியாக நிற்பது அயடீன்-127 மட்டும்தான்: 53 புரோத்தன், 74 நியூத்திரன். 131இல் நியூத்திரன் 78; நான்கு கூட. ஆகவே ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறி, இலத்திரன் ஒன்று வெளியேறும். திணிவெண் (புரோத்தன், நியூத்திரன் இரண்டின் கூட்டுத்தொகை) மாறாது, அணுவெண் (புரோத்தன் எண்ணிக்கை) ஒன்றால் கூடும். கிடைப்பது செனன்-131.

சமன்பாட்டில் எதிர்நியூத்திரீனோவையும் (இலத்திரனோடு வெளியேறும், ஏற்றமில்லாத நுண்துணிக்கை) கட்டாயம் எழுதுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வெளிவரும் இலத்திரன்கள் ஒரே சக்தியோடு வருவதில்லை என்று பௌதிகவியலாளர் சட்விக் 1914இல் கண்டார். மிச்சச் சக்தியைக் கொண்டுபோகும் துணிக்கை ஒன்று இருக்கவேண்டும் என்று இன்னொரு பௌதிகவியலாளரான பவுலி 1930இல் சொன்னார். பரிசோதனையில் அது அகப்பட்டது 1956இல். அதை விட்டுவிட்டால் சக்திக் கணக்கு சரிவராது.

திணிவெண் அட்டவணை எண்ணைவிடக் குறைவென்றால் எல்லாம் மறுபக்கம். புளோரின்-18ஐப் பாருங்கள்; அட்டவணையில் 19.00. புரோத்தன் நியூத்திரனாகும், பொசித்திரன் (நேரேற்றமுள்ள இலத்திரன்) வெளியேறும், ஒட்சிசன்-18 வரும். சில கருக்கள் பொசித்திரனை விடாமல், உள்ளோட்டு இலத்திரன் ஒன்றைக் கவர்ந்தும் இதே மாற்றத்தை அடையும். பிஸ்மத்துக்கு அப்பால் அல்பாத் தேய்வும் (கரு, இரண்டு புரோத்தனும் இரண்டு நியூத்திரனும் கொண்ட துணிக்கையை விடுவது) சேர்வதால் இந்த வழியை மட்டும் நம்பவேண்டாம்.

சரி, பொற்றாசியம்-40? அட்டவணையில் 39.10. இங்கேதான் இரண்டாவது சோதனை வேண்டும்: புரோத்தன் 19, நியூத்திரன் 21, இரண்டும் ஒற்றை. அப்படியிருந்தும் உறுதியாக நிற்பவை மிகச் சில. நைதரசன்-14 அவற்றில் ஒன்று. பொற்றாசியம்-40 இரு பக்கமும் போகும். ஏறத்தாழ 89% கல்சியம்-40 ஆகும். மீதி, பெரும்பாலும் இலத்திரன் கவர்தலால், ஆகன்-40 ஆகும். அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி தேய எடுக்கும் காலம், சுமார் 125 கோடி ஆண்டுகள். சந்தையில் வாங்கும் கதலிப்பழத்திலும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அணுவெண் 18 உள்ள ஆகனுக்கு 39.95, அடுத்துள்ள பொற்றாசியத்துக்கு 39.10, “ஏன் சேர், தலைகீழாக இருக்கிறது?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள ஆகனில் 99%க்கும் மேல் ஆகன்-40; அது பாறைகளிலிருந்த பொற்றாசியம் தேய்ந்து சேர்ந்தது.